வற்றிய கண்மாயில் இரண்டடி ஆழத்தில் கிடைத்த பாலாமை: விவரம் அறிந்தவர்கள் கூறவும்

கண்மாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், கண்மாய்ப் பாசனத்தை மட்டுமே நம்பியிருக்கும் பகுதியில் உள்ளது. சித்திரைக் கடைசியில் கண்மாய் முழுவதும் வறண்டு, மடையடிப் பள்ளம்கூடப் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தபோது, வயலுக்கு அடிப்பதற்காக வண்டல் அள்ளும் வேலை நடந்தது. ஜேசிபியின் வாளி ஏறத்தாழ இரண்டடி ஆழத்திலிருந்து தூக்கிக் கொட்டிய மண்ணோடு, கவிழ்த்த சட்டியைப் போன்ற ஒன்று உருண்டு விழுந்தது. கல்லென்று நினைத்து ஓரமாக எறியப் போனவர், கல்லுக்குரிய கனம் இல்லையே என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அப்போதுதான் ஆமை என்று தெரிந்தது. தலை, கால், வால் எதுவுமே வெளியே இல்லை. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றும் புரியவில்லை. நிழலில் வைத்து ஈரச்சாக்குப் போர்த்தி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, ஓர் ஓரம் இலேசாகத் திறந்து, பன்றி மூக்கைப் போன்ற ஒரு மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது.

ஊர்ப் பெரியவர்கள் இதைப் பாலாமை என்கிறார்கள். கண்மாய் மாசியிலேயே வற்றிவிட்டது. அப்படியானால் இரண்டு மாதத்திற்கு மேலாக, இறுகிய மண்ணுக்குள் இது எதைத் தின்று, எதைச் சுவாசித்து உயிரோடு இருந்தது? இப்போதைக்குத் தொட்டியில் நீர் ஊற்றி விட்டிருக்கிறேன். கிணற்றில் விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

நீர்நிலைப்பதிவன் எழுதியது:

ஐயா, நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் அது பாலாமைதான் என்பதில் ஐயமில்லை. அறிவியலாளர்கள் லிஸ்ஸெமிஸ் பங்க்டேட்டா என்று குறிப்பிடுகிறார்கள். உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பின்னங்கால்கள் நுழையும் இடத்தில், இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு தோல் மடல்கள் இருக்கும். காலை உள்ளே இழுத்தவுடன் அந்த மடல்கள் கதவைப் போலச் சாத்திக்கொள்ளும். முன்பக்கத்தில் மடல் கிடையாது. அடியோட்டின் முன்பகுதியே மேல்நோக்கி மடங்கி, தலையும் முன்னங்கால்களும் போன வழியை அடைத்துவிடும். எது முன், எது பின் என்று உங்களுக்குப் புரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

இது மென்னோட்டாமைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து ஆமைகளின் முதுகில் நாம் வழக்கமாகக் காணும் கட்டம் கட்டமான கொம்புத் தகடுகள் இருப்பதில்லை. எலும்பின்மேல் பதனிட்ட தோலைப் போன்ற வழுவழுப்பான போர்வைதான் உண்டு. காலுக்கு ஐந்து விரல்கள் இருந்தாலும் மூன்றில் மட்டுமே நகம் இருக்கும். குடும்பத்தின் அறிவியல் பெயருக்கே மூன்று நகமுடையவை என்றுதான் பொருள். மற்ற மென்னோட்டாமைகளின் ஓட்டு விளிம்பு முழுவதும் குருத்தெலும்பாகத் தொளதொளவென்று இருக்க, பாலாமைக்கு மட்டும் பின்விளிம்பில் சிறு சிறு எலும்புத் துண்டுகள் உண்டு. உடலும் தட்டையாக இல்லாமல் சற்றுக் குவிந்திருக்கும். ஆகவே மென்னோடு என்ற பெயரை நம்பி இதை மென்மையானது என்று எண்ணிவிட வேண்டாம்.

மடலுள்ள உறவினங்கள் வேறு எங்கே இருக்கின்றன என்று தேடினால் நாம் போய் நிற்குமிடம் ஆப்பிரிக்கா. இந்தியத் துணைக்கண்டத்திலும் மியன்மாரிலும் வாழும் இந்தப் பேரினத்தை விட்டால், இதே துணைக்குடும்பத்தின் மற்ற இரண்டு பேரினங்களும் ஆப்பிரிக்க ஆறுகளிலேயே வாழ்கின்றன. காவிரியிலும் பிற தீபகற்ப ஆறுகளிலும் உள்ள லீத் மென்னோட்டாமையைச் சிலர் இதனோடு குழப்பிக்கொள்வதுண்டு. அது மடல் இல்லாத, அரை மீட்டருக்கு மேல் வளரக்கூடிய ஆற்று ஆமை; அதன் குஞ்சுகளின் முதுகில் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். பாலாமையின் பெண் 30 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆண் அதைவிடச் சிறியது.

வேப்பங்குச்சி எழுதியது:

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லி, எங்கள் தெருவில் ஐப்பசி மழையில் வாசலுக்கு வந்த ஒன்றைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டார்கள். எங்கள் தெரு இருக்கும் இடம் முன்பு ஏரியின் நீர்ப்பிடிப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் வீட்டுக்குள் யார் புகுந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வன்னிக்குளம் எழுதியது:

வணக்கம். நான் வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலும் இதற்குப் பாலாமை என்றே பெயர். சிங்களத்தில் கிரி இப்பா என்பார்கள். அதற்கும் பால் ஆமை என்பதுதான் பொருள். இரு மொழிக்காரரும் ஒரே பெயரை எதனால் வைத்தார்கள் என்று யோசித்திருக்கிறேன். அடிவயிற்றின் வெளிறிய பால் நிறந்தான் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வைகாசிக்குப் பிறகு எங்கள் சிறுகுளங்களில் நீர் அலைகரையிலிருந்து பின்வாங்கத் தொடங்கும். ஆவணியில் துருசுக்கு, அதாவது மடைக்கு, முன்னால் ஒரு சேற்றுக்குட்டை மட்டும் மிஞ்சும். அக்காலத்தில் இந்த ஆமைகள் இரண்டு வகையாக நடந்துகொள்வதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சில இரவில் நடந்து அடுத்த குளத்திற்குப் போய்விடும்; மற்றவை இருந்த இடத்திலேயே சேற்றுக்குள் இறங்கிவிடும். எது நடக்கும், எது புதையும் என்பதற்கு என்னால் ஒழுங்கு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2011 இல் மரபணு அடிப்படையில் இப்பேரினத்தை ஆராய்ந்தவர்கள் இலங்கைப் பாலாமையைத் தனி இனமாகப் பிரிக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். ஆகவே உங்கள் கண்மாயில் கிடைத்ததும் எங்கள் குளத்தில் இருப்பதும், பெயர் ஒன்றானாலும், நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்துபோன பங்காளிகளாக இருக்கக்கூடும்.

கண்மாய்க்கரை எழுதியது:

அடியில் மடல்கள் இருப்பதைப் பார்த்துவிட்டேன். நீர்நிலைப்பதிவன் கூறியபடியே சாத்திக்கொள்கிறது. ஓட்டை அளந்தபோது நுனி முதல் நுனி வரை 24 சென்டிமீட்டர் இருந்தது. முதுகில் புள்ளி எதுவும் இல்லை. பாசி கலந்த சாம்பல் பழுப்பு நிறம். ஆனால் இணையத்தில் பாலாமை என்று காட்டப்படும் படங்களில் மஞ்சள் புள்ளிகள் நிறைய இருக்கின்றன. வேறு இனமோ என்ற ஐயம் வந்துவிட்டது. மண்ணுக்குள் எப்படிச் சுவாசித்தது என்ற கேள்விக்கும் யாராவது விடை கூறுங்கள்.

நீர்நிலைப்பதிவன் எழுதியது:

புள்ளியைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன். சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில் வாழும் கிளையினத்திற்குத்தான் தலையிலும் முதுகிலும் மஞ்சள் புள்ளிகள் உண்டு. தென்னிந்தியக் கிளையினத்திற்கு அவை இல்லை. ஆனாலும் பங்க்டேட்டா, அதாவது புள்ளியுள்ளது, என்ற பெயர் முதலில் இடப்பட்டது தெற்கத்திய ஆமைக்குத்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் விவரித்த இந்த இனத்தின் மூல இடமாக, அதாவது பெயரிடப் பயன்பட்ட மாதிரி வந்த இடமாக, பின்னாளில் 1931 இல் ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித் வரையறுத்தது புதுச்சேரியைத்தான். அவர்கள் கண்ட புள்ளி நிறப்புள்ளி அன்று. ஓட்டின் தோலை நீக்கினால் எலும்புத் தகடுகளின் மேல்முகம் முழுவதும் மணல் தூவியதைப் போலப் பொருக்குப் பொருக்காக இருக்கும். உங்கள் கையில் உள்ள புள்ளியில்லாத ஆமைதான் அசல் பங்க்டேட்டா.

சுவாசத்தைப் பொறுத்தவரை இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்மாயில் நீர் இருக்கும் காலத்தில் இது அடிச்சேற்றில் உடலைப் புதைத்து, கழுத்தை மட்டும் மேலே நீட்டி, நீங்கள் பார்த்த அந்தக் குழல் மூக்கின் நுனியை நீர்ப்பரப்பில் வைத்து மூச்சு வாங்கும். ஆழமற்ற நீரையே இது விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மென்னோட்டாமைகள் பொதுவாகத் தோல் வழியாகவும், தொண்டையின் உட்புறத்தில் உள்ள விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் வழியாகவும் நீரில் கரைந்த உயிர்வளியை ஓரளவு எடுத்துக்கொள்ளும். சீன மென்னோட்டாமையைப் பற்றிச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்று, அது சேற்றுக்குட்டையில் தலையை அமிழ்த்தி வாய் வழியாக யூரியாவையே வெளியேற்றுகிறது என்று காட்டியது. எனினும், இவையெல்லாம் நீருக்குள் நடப்பவை. இறுகிய வண்டலுக்குள் இவற்றால் பயனில்லை. அங்கே நுரையீரல்தான், வெடிப்புகளின் வழியே இறங்கும் காற்றுதான்.

அவ்வளவு குறைந்த காற்று எப்படிப் போதுமாக இருக்கிறது என்றால், கோடையுறக்கத்தில் உடலின் செலவே மிகச் சுருங்கிவிடுகிறது. உண்பதில்லை, அசைவதில்லை, மழைக்காலத்தில் சேர்த்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. இந்நிலையில் பசியைவிட வறட்சியே பெரிய எதிரி. பிற மென்னோட்டாமைகள் நீரை விட்டு வெளியே வந்தால் வெகு விரைவில் உலர்ந்துவிடும். பாலாமை தன் ஈரமான கால்களையும் கழுத்தையும் மடல்களுக்குள் சாத்திக்கொள்வதால் ஆவியாகும் பரப்பு குறைகிறது. மடல் பகைவரைத் தடுக்கவே தோன்றியது என்று பலரும் எழுதுகிறார்கள். வற்றிப்போகும் நீர்நிலையில் வாழ்பவருக்கு அது தண்ணீர்க் குடத்தின் மூடியும்கூட என்பது என் கருத்து. ராஜஸ்தானில் வற்றிக்கொண்டிருந்த ஓர் ஏரியில் இந்த ஆமைகளின் நடத்தையை ஊர்வன ஆய்வாளர் வால்டர் ஆஃபன்பர்க் ஆராய்ந்து 1981 இல் எழுதியிருக்கிறார். நண்பர் வன்னிக்குளம் நேரில் கண்ட அந்த இரண்டு வழிகள், இடம்பெயர்வதும் புதைவதும், இந்த இனத்தின் வறட்சி உத்தியாகவே நூல்களில் பதிவாகியுள்ளன.

ஏட்டுப்புழு எழுதியது:

முதல் பதிவில் கல்லென்று நினைத்தோம் என்று படித்தவுடன் எனக்குப் புறநானூற்றின் 379ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. நெல் அறுப்பவர்களின் அரிவாள் மழுங்கியபோது, சேற்றில் கிடந்த ஆமையின் கூன்முதுகைக் கல்லென்று கருதி, அதில் அரிவாளைத் தீட்டுவதாக ஒரு காட்சி அதில் வருகிறது. ‘அள்ளல் யாமை’ என்பது புலவரின் சொல். அள்ளல் என்றால் சேறு. மாவிலங்கை நாட்டு வயல் அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் வயல்களில் பாலாமை இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நீர்நிலைப்பதிவன் எழுதியது:

அருமையான இடத்தைக் காட்டினீர்கள். ஆனால் அந்த ஆமை பாலாமை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அரிவாளைத் தீட்ட வேண்டுமானால் மேற்பரப்பு கடினமாக இருக்க வேண்டும். பாலாமையின் முதுகில் தீட்டினால் தோல்தான் கிழியும். நம் வயல்களிலும் குளங்களிலும் வாழும் மற்றோர் ஆமை, மூன்று வரம்புகள் ஓடும் கடினமான கரிய ஓடுடைய குளத்து ஆமை. கூன்புறம் என்ற சொல்லும் அதற்கே பொருந்துகிறது. புலவர் மிகையாகப் பாடியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் கல்லென்று கருதத்தக்க முதுகைத்தானே அவர் தேர்ந்தெடுத்திருப்பார்!

ஏட்டுப்புழு எழுதியது:

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வேறொரு வழக்குத் தொடுக்கிறேன். திருக்குறளின் 126ஆம் குறளில் ஐந்தையும் அடக்கும் ஆமை உவமையாக வருகிறது. ஐம்புலனுக்கு ஈடாக நான்கு கால்களும் தலையும். நீங்கள் சொல்லும் கரிய குளத்து ஆமை உறுப்புகளை உள்ளே இழுக்குமேயன்றி வாசலைச் சாத்துவதில்லை. இழுத்த பிறகும் காலின் செதில்கள் வெளியே தெரியும். ஐந்தையும் இழுத்து, கதவையும் அடைத்துவிடுவது பாலாமை மட்டுமே. வள்ளுவர் இந்த ஆமையைத்தான் பார்த்தார் என்று நான் கூறவில்லை. அவருடைய உவமை எந்த ஆமைக்கு முழுமையாகப் பொருந்துகிறது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

நீர்நிலைப்பதிவன் எழுதியது:

இதற்கு மறுப்பில்லை.

மழைத்தவளை எழுதியது:

உண்பதைப் பற்றியும் முட்டையிடுவதைப் பற்றியும் யாரும் எழுதவில்லை என்பதால் நான் சேர்க்கிறேன். இது எதையும் விலக்காத அனைத்துண்ணி. தவளை, தலைப்பிரட்டை, நத்தை, இறால், சிறு மீன், நீர்த்தாவரம், நீரில் மிதக்கும் பிணம் எல்லாம் இதற்கு உணவு. கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்ற பழைய நம்பிக்கைக்கு அடிப்படை இந்த இயல்புதான்.

பெண் ஆமை கரையேறி, மண்ணைத் தோண்டி, ஈட்டுக்கு 2 முதல் 14 முட்டைகள் வரை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். முட்டை உருண்டையாக, எலுமிச்சையைவிடச் சிறியதாக, தோல் போலன்றிக் கெட்டியான ஓட்டுடன் இருக்கும். ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஈடுகள் உண்டு. பெண்ணின் கருக்குழாயில் விந்தணு நெடுநாள் சேமிக்கப்படுவதால், ஒவ்வோர் ஈட்டுக்கும் ஆணைத் தேட வேண்டிய தேவையும் இல்லை. கடலாமையைப் பற்றிப் படித்தவர்கள், மண்ணின் வெப்பமே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கும் என்று இதற்கும் பொருத்திச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மென்னோட்டாமைக் குடும்பத்தில் இதுவரை நன்கு ஆராயப்பட்ட இனங்களில் அப்படியில்லை. அங்கே பாலை நிர்ணயிப்பது நிறப்புரிகள் (குரோமோசோம்கள்).

எனக்கு மிகவும் வியப்பளிப்பது முட்டைக்குள் நடக்கும் காத்திருப்பு. சில ஆமை இனங்களில் கரு தொடக்க நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்தி ஓய்ந்திருந்து, காலம் கனிந்த பிறகு மீண்டும் வளரத் தொடங்கும். பாலாமையிலும் இது பதிவாகியுள்ளது. அதனால் முட்டையிட்டதிலிருந்து குஞ்சு வெளிவர மாதக்கணக்கில் ஆகும். கோடையில் பிறந்து வெடித்த தரையில் அலைவதைவிட, மழை மண்ணை இளக்கும் வரை முட்டைக்குள் இருப்பது குஞ்சுக்கு நல்லதுதானே. தாய் மண்ணுக்குள் உறங்கிக் கோடையைக் கடக்கிறது. பிள்ளை முட்டைக்குள் உறங்கிக் கடக்கிறது.

இந்திய நன்னீர் ஆமைகளைப் பற்றிப் பேசும்போது சென்னை முதலைப் பண்ணையில் பணியாற்றிய விஜயாவைக் குறிப்பிடாமல் விடக் கூடாது. 1980களின் தொடக்கத்தில், நாடு முழுவதும் அலைந்து ஆமைகளைக் கணக்கெடுத்தவர். 1982 இல் கேரளக் காட்டில் அவர் மறுபடியும் கண்டறிந்த காட்டாமைக்கு இன்று விஜயாசெலிஸ் என்று அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது.

கரையோரன் எழுதியது:

கிணறு வேண்டாம், ஐயா. கட்டுக்கிணற்றில் விடப்பட்ட ஆமை உயிரோடு இருக்கும். ஆனால் ஏறிவரச் சரிவு இல்லாததால் முட்டையிடவும் முடியாது, இணை தேடவும் முடியாது. கண்மாயைப் பொறுத்தவரை அது இறந்ததற்குச் சமம். சட்டத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். தொட்டியில் வைத்து வளர்ப்பதே குற்றமாகிவிடும். வனத்துறைக்குத் தகவல் கூறிவிட்டு, அவர்கள் சொல்லும் அருகிலுள்ள நீர்நிலையில் விடுவதே முறை. தூக்கும்போது ஓட்டின் பின்பாதியைப் பிடியுங்கள். கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நெடுந்தூரம் பின்னால் வளையும். கடித்தால் எளிதில் விடாது.

இவ்வளவு கடுமையான பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் ஒரே சோதனையில் 6,400க்கும் மேற்பட்ட பாலாமைகள் கைப்பற்றப்பட்டன. வடக்கே இறைச்சிக்காகவும் கிழக்கு எல்லை வழியாகக் கடத்துவதற்காகவும் குளம் குளமாகப் பிடிக்கிறார்கள். வற்றிய சேற்றை இரும்புக் கம்பியால் குத்திக்கொண்டே போனால் ஓட்டில் படும் ஓசையிலேயே இருப்பிடம் தெரிந்துவிடும். வறட்சியிலிருந்து காப்பாற்றிய அதே உறக்கம் கம்பியோடு வருபவனிடமிருந்து காப்பாற்றுவதில்லை. ஒரு காலத்தில் எங்கும் நிறைந்தது என்று கவலையின்றிக் கருதப்பட்ட இந்த இனம் இப்போது, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அழிய வாய்ப்புள்ளவற்றின் வரிசைக்கு வந்துவிட்டது.

நம் பகுதியில் கம்பி குறைவு, இங்கே ஜேசிபிதான். வண்டல் அள்ளுவதை நான் எதிர்க்கவில்லை. அது நம் முன்னோர் செய்த வேலை. அள்ளாவிட்டால் கண்மாய் தூர்ந்து, ஆமைக்கே இடமிருக்காது. ஆனால் மண்வெட்டியும் மாட்டுவண்டியும் இருந்த காலத்தில் ஒரு கோடையில் ஒரு மூலையைத்தான் வெட்ட முடிந்தது. இன்று பத்து நாளில் முழுக் கண்மாயையும் ஒரே மட்டமாக வழித்துவிடுகிறோம். ஆமை கடைசியாக இறங்குவது கடைசியாக நீர் நின்ற இடத்தில்தான். நல்ல வண்டல் இருப்பதும் அங்கேதான்.

வன்னிக்குளம் எழுதியது:

கரையோரன் கூறுவதை வழிமொழிகிறேன். ஒரு திருத்தம் மட்டும். கரையைக் கல்லாலும் சிமெந்தாலும் செங்குத்தாகக் கட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளம் நிறைந்திருந்தாலும் அத்தகைய கரையில் முட்டையிட ஏறும் பெண் ஆமை ஏற முடியாமல் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கண்மாய்க்கரை எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வனத்துறையினரிடம் தெரிவித்தோம். எங்கள் ஊரணியில் இன்னும் இடுப்பளவு நீர் இருக்கிறது; மூன்று பக்கம் மண்கரை. அங்கேயே விடலாம் என்று கூறினார்கள். நேற்று மாலை விட்டோம். கரையில் வைத்ததும் வெகுநேரம் சாத்திக்கொண்டே கிடந்தது; நாங்கள் பத்தடி பின்னால் நகர்ந்த பிறகு நான்கு கால்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்து, ஆமையா இது என்று கேட்கும்படியான வேகத்தில் ஓடி நீருக்குள் இறங்கிவிட்டது.

வண்டல் அள்ளும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. மடையடிப் பள்ளத்தை இந்த ஆண்டு தொட வேண்டாம் என்று பேசிப் பார்த்தேன். அங்கேதான் மண் கறுப்பாக இருக்கிறது என்று இருவர் ஒப்பவில்லை. கடைசியில் பள்ளத்தின் கிழக்குப் பாதியை மட்டும் விட்டுவைப்பது என்று முடிவாகி, நான்கு மூலையிலும் கருவேலங்குச்சி நட்டிருக்கிறோம். அதற்குள் ஆமை இருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.